நான் வெட்டி எறிந்த வேடம்

அந்த வேடத்தைச் சங்கத் தலைவி அவளுக்குக் கொடுத்தபோது நான் கைதட்டினேன். எல்லாரையும் விடக் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். பொறாமைப்படுகிறவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள் என்று இப்போது தெரிகிறது. உண்மையைச் சொன்னால் அப்போதும் தெரிந்துதான் இருந்தது.

எங்களுடையது யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றின் பழைய மாணவிகள் சங்கம், மொன்றியல் கிளை. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஆண்டு விழா நடக்கும். பிள்ளைகளின் நடனம் எட்டோ ஒன்பதோ, தலைவியின் உரை ஒன்று, மாமியார் மருமகள் சண்டையை வைத்து ஒரு பகிடி நாடகம், பிறகு கொத்துரொட்டி. நான் அந்தச் சங்கத்துக்குப் பன்னிரண்டு வருடம் செயலாளர். பகலில் லாசாலில் ஒரு பல்வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருந்து தொலைபேசிக்கு ‘போன்ஜூர்’ சொல்வேன். மாலையில் சங்கத்துக்குக் கடிதம் எழுதுவேன். எனக்கு எழுத வரும். அந்தத் தலைக்கனமும் உண்டு.

அந்த வருடம் மாமியார் மருமகளை விட்டுவிட்டுக் கனமான ஒன்றைச் செய்வோம் என்று சொன்னது நான்தான். என் மூத்தவன் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரிக்குப் போன காலத்தில் கட்டாயப் பாடமாக ஒரு பழைய கிரேக்க நாடகம் வந்தது. அவன் பாதி வாசித்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே எறிந்துவிட்டான். கூட்டும்போது எடுத்தேன். நின்றபடியே வாசித்தேன், விளக்குமாறு கையில் இருக்க.

கதை சின்னதுதான். ஒரு நகரத்துக்காக இரண்டு சகோதரர்கள் எதிரெதிரே நின்று சண்டை பிடித்து, ஒருவனை ஒருவன் கொன்றுவிடுகிறார்கள். புதிதாகப் பதவிக்கு வந்த அரசன், ஒருவனை மரியாதையோடு அடக்கம் செய்யச் சொல்கிறான். மற்றவன் துரோகி, அவன் உடலை நாயும் காகமும் தின்னட்டும், மண் போடுகிறவர்களுக்கு மரணம் என்று கட்டளை போடுகிறான். தங்கை போய் மண் போடுகிறாள். பிடித்துக்கொண்டு வருகிறார்கள். நீதானா செய்தாய் என்கிறான் அரசன். நான்தான் என்கிறாள்.

அரசன் கெட்டவனில்லை என்பதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. சண்டை ஓய்ந்து ஒரு நாள் ஆகாத ஊர் அது. ஒரு கட்டளையை மீற விட்டால் எல்லாம் குலைந்துவிடும் என்று அவன் பயப்படுகிறான். அந்தப் பயம் நியாயமானது. தங்கையின் பக்கமும் நியாயமானது. இரண்டு நியாயங்கள் முட்டும்போது எது சாகும் என்பதுதான் நாடகம். எங்கள் ஊரில் இதற்கு நாடகம் எழுதத் தேவையிருக்கவில்லை.

விழாவில் நாடகத்துக்கு நாற்பது நிமிடம்தான். மொழிபெயர்க்கும்போதே குறைத்தேன். கிரேக்கப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே அரசன், அண்ணன், தங்கை என்றே வைத்தேன். மூலத்தில் தங்கைக்கு இன்னொரு சகோதரியும் இருக்கிறாள். அவள் முதலில், நாங்கள் பெண்கள், அரசனை எதிர்க்க எங்களால் முடியாது என்று ஒதுங்கிவிடுகிறாள். எல்லாம் முடிந்து, தங்கை பிடிபட்ட பிறகு, எனக்கும் இதில் பங்குண்டு என்று ஓடி வருகிறாள். அவளை அப்படியே வெட்டி எறிந்தேன். நேரமும் போதாது, அவளை எனக்குப் பிடிக்கவும் இல்லை. செய்ய வேண்டிய நேரத்தில் ஒளித்திருந்துவிட்டு, செய்து முடிந்த பிறகு பங்கு கேட்டு வருகிறவளை யாருக்குப் பிடிக்கும்?

தங்கையின் வசனங்களை மட்டும் நான் எனக்காகவே எழுதினேன். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் சொல்லிச் சொல்லி, என் மூச்சுக்கு ஏற்றபடி நீட்டியும் குறுக்கியும் எழுதினேன். பிறகு வேடம் பிரிக்கிற நாள் வந்தது. தலைவி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கள் நல்ல நெடுப்பம். குரலும் கொஞ்சம் கட்டை. அரசனுக்கு உங்களை விட்டா வேறை ஆரும் இல்லை” என்றார்.

தங்கை வேடம் மட்டக்களப்புக்காரிக்குப் போனது.

மட்டக்களப்புக்காரி என்று நாங்கள் அவளைச் சொல்வது, அவள் எங்களில் பாதிதான் என்பதை நினைவூட்டத்தான். தகப்பனுக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்தபோது எங்கள் பாடசாலையில் இரண்டே இரண்டு வருடம் படித்தவள். நான் பதின்மூன்று வருடம் படித்தேன். அவள் இங்கே வந்து நாலு வருடம்கூட ஆகவில்லை. ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. வந்த இரண்டாம் வருடமே நிர்வாகக் குழுவில் இடம் கிடைத்துவிட்டது. மூக்கு சப்பை, நிறமும் என்னைவிடக் குறைவு. ஆனால் வாயைத் திறந்தால் அறை அடங்கிவிடும். அந்தக் குரலை நான் வெறுத்தேன்.

முதல் ஒத்திகையில் அரசனின் கட்டளையை நான் வாசித்தேன். “நகரைப் பகைத்தோனின் உடல், அவன் இறந்த பின்னரும், மண் பெறமாட்டாது என இவ்வரசு தீர்மானிக்கின்றது.” நிலக்கீழ் அறையில் பத்துப் பெண்கள் இருந்தோம். போரில் தொலைந்து, உடலே கிடைக்காத ஒருவர் எங்களில் பாதிப்பேருக்கு இருக்கிறார். மட்டக்களப்புக்காரி குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். அவளுக்கு ஓர் அண்ணன். எங்கே என்று இன்றுவரை தெரியாது. அவளுடைய முறை வந்ததும், நான் கண்ணாடிக்கு முன்னால் மாதக்கணக்காகச் சொன்ன வசனத்தை ஒரே மூச்சில், ஒரு தண்ணீர்க் கோப்பையைத் தரச் சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள். இரண்டு பேர் அழுதார்கள். நானோ அவளுக்குத் தொலைந்துபோன ஓர் அண்ணன் இருப்பதை நினைத்துப் பொறாமைப்பட்டேன். இதை எழுதவே கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை.

அந்தக் கட்டளையின் வாசகம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்க்கும்போது அரசனின் தொனி பிடிபடவில்லை. மூன்று நாள் முட்டிவிட்டுச் சங்கத்தின் அறிக்கைப் புத்தகத்தை எடுத்தேன். ஆறு வருடத்துக்கு முன்னர் என் கையால் எழுதிய தீர்மானம் அதில் இருந்தது. “சங்கத்தை விட்டு விலகி மாற்றுச் சங்கம் அமைத்தோரின் பெயர்கள், அவர்கள் அமரத்துவமடைந்த பின்னரும், அகவணக்கத்தில் வாசிக்கப்படமாட்டா என இச்சபை ஏகமனதாகத் தீர்மானிக்கின்றது.” சில சொற்களை மாற்றினேன். அரசன் பேசத் தொடங்கிவிட்டான்.

அகவணக்கம் என்பது விழாவின் தொடக்கத்தில், விளக்கேற்றியதும் நடப்பது. அந்த வருடம் காலமான பழைய மாணவிகளின் பெயர்களைச் செயலாளர் வாசிப்பார். எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் தலை குனிந்து நிற்பார்கள். வேறொன்றுமில்லை. ஆனால் அந்த வாசிப்பைக் கேட்பதற்காகவே டொரொன்டோவிலிருந்து பிள்ளைகள் கார் ஓடி வருவார்கள்.

அந்தத் தீர்மானம் ஒருத்திக்காகத்தான் எழுதப்பட்டது. அவள் என் சிநேகிதி. நான் இந்த நகரத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நிறைமாதம். எனக்குப் பிரெஞ்சில் ‘மெர்சி’ மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் பதினாலு மணித்தியாலம் என் தலைமாட்டில் நின்று, அவர்கள் சொன்னதை எனக்கும், நான் கத்தியதை அவர்களுக்கும் சொன்னவள் அவள். “தள்ளட்டாம், தள்ளடி!” என்று அவள் போட்ட சத்தத்துக்குத்தான் என் மகன் பிறந்தான்.

பிறகு தலைவி மூன்றாம் தடவையும் தலைவியாக நிற்கப் போவதாகச் சொன்னபோது, சிநேகிதி கூட்டத்தில் எழும்பி சங்கத்தின் யாப்பு விதிகளில் அதற்கு இடமில்லை என்றாள். வாக்குவாதம் முற்றி, பாதிப்பேரைக் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு சங்கம் தொடங்கினாள். நான் அவளோடு போயிருப்பேன். ஆனால் அவள் என்னைக் கூப்பிட்டது மூன்றாம் நாள்தான். முதல் நாளே வேறு ஆட்களைக் கூப்பிட்டிருந்தாள்.

“வாறியோடி?” என்று கேட்டாள்.

“மூண்டாம் நாள்தானோ என்ரை ஞாபகம் வந்தது?” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அடுத்த வாரம் தலைவி தீர்மானத்தை எழுதச் சொன்னார். நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன். ‘இறந்த பின்னரும்’ என்ற இடத்தை ‘அமரத்துவமடைந்த பின்னரும்’ என்று திருத்தியதுகூட நான்தான். அவளுடைய சங்கம் இரண்டு வருடத்தில் கலைந்தது. போன பலர் திரும்பி வந்தார்கள். அவள் வரவில்லை. நாங்கள் ஆறு வருடம் கதைக்கவில்லை.

ஒத்திகை நடந்துகொண்டிருந்த ஆவணி மாதத்தில் அவள் காலமானாள். செத்த வீட்டில் கடைசி வரிசையில் பத்து நிமிடம் இருந்துவிட்டு வந்தேன். ஒரு கிழமை கழித்து அவளுடைய மகள் என் வேலையிடத்துக்கே தொலைபேசி எடுத்தாள். இங்கே பிறந்த பிள்ளை. யோசித்து யோசித்துத் தமிழ் கதைப்பாள்.

“அன்ரி, விழாவில அம்மான்ரை பேர் வாசிப்பீங்களா? அம்மா கடைசியா அந்த ஸ்கூலைப் பற்றித்தான் கதைச்சவ. நான் வந்து கேக்கோணும்.”

“பாப்பம் பிள்ளை” என்றேன். பல்லுக்கு வந்தவர்களிடம், வைத்தியருக்கு நேரமிருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது, நான் இதை எழுப்பத்தான் போகிறேன் என்று உறுதியாக இருந்தேன். பேருந்தில் வசனம்கூடத் தயார் செய்தேன். அகவணக்கப் பட்டியல் வந்தது. ஏழு பெயர். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் மட்டக்களப்புக்காரி கதைத்துவிட்டாள்.

“இன்னொரு பேரும் இரிக்கே. அவவையும் வாசிச்சா என்ன? நான் வந்த முதல் குளிருக்கு அவதான் என்னைக் கூட்டிக்கொண்டு எல்லா இடமும் திரிஞ்சவ.”

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் குளிர்காலம் என்னுடையது என்று நினைத்திருந்தேன். என் சிநேகிதி இப்படி ஒவ்வொருத்திக்கும் ஒரு குளிர்காலத்தைக் கொடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். இவளுக்கும் கொடுத்திருக்கிறாள், அதுவும் என்னோடு கதைக்காமல் இருந்த வருடங்களில்.

“தீர்மானம் இருக்கெல்லோ” என்றார் தலைவி. “செயலாளர் அக்காதான் எழுதினவ. எனக்கும் அவவிலை கோவம் ஒண்டும் இல்லை. ஆனா ஒருவருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பினம். சங்கம் எண்டா ஒரு ஒழுங்கு வேணும்.”

அரசனின் நியாயம் அச்சொட்டாக அதுதான். தலைவிக்கு என் நாடகத்தில் ஒரு வசனமும் தேவையிருக்கவில்லை. வாசிக்க வேண்டும் என்கிறவர்கள் கை உயர்த்தலாம் என்றார். மட்டக்களப்புக்காரியின் கை உயர்ந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் உயர்த்தியிருந்தால் அவளுக்குப் பின்னால் உயர்த்தியவளாக இருந்திருப்பேன். அதுதான் காரணம். பயமில்லை, ஒழுங்குமில்லை. அவள் முந்திவிட்டாள். நான் பேனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஆதரவு ஒன்று” என்று அறிக்கைப் புத்தகத்தில் எழுதினேன்.

விழா ரொக்ஸ்பரோவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. சிநேகிதியின் மகள் மூன்றாம் வரிசையில், வெள்ளைச் சல்வாரில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என் கையில் பட்டியல் இருந்தது. அதன் அடியில் எட்டாவது பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். மேடைக்கு ஏறும்வரை வாசிப்பேன் என்றுதான் நினைத்தேன். ஏழாவது பெயரை வாசித்துவிட்டு நிறுத்தினேன். மண்டபம் எழுந்து நின்றது. அந்தப் பிள்ளையும் நின்றாள். இன்னும் ஒரு பெயர் வரும் என்று என் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு நிமிடம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு நடனங்கள் நடந்தன. நான் மேடைக்குப் பின்னால் போய், என் மனுசனின் பட்டு வேட்டியைக் கட்டி, புருவப் பென்சிலால் மீசை வரைந்து, மினுக்குக் கடதாசி ஒட்டிய முடியை வைத்துக்கொண்டு என் முறைக்குக் காத்திருந்தேன்.

தங்கை மண் போடுகிற காட்சி. மண் அவள் வேலை செய்கிற கார்டெரியின் மணற்பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் பையில் வந்தது. வெள்ளைத் துணி போர்த்த உருவத்துக்கு முன்னால் முழங்காலிட்டு ஒரு பிடி அள்ளினாள். இந்த இடத்தில் “அண்ணா” என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். நான் எழுதியது அப்படித்தான். முதல் பிடிக்கு “அண்ணா” என்றாள். இரண்டாம் பிடிக்கும் “அண்ணா” என்றாள். மூன்றாம் பிடியை அள்ளி, சபையை நேராகப் பார்த்து, என் சிநேகிதியின் பெயரைச் சொன்னாள். தகப்பன் பெயர், அவள் பெயர், எங்கள் பாடசாலையின் பெயர். பட்டியலில் வாசிக்கிற அதே ஒழுங்கில் சொன்னாள். மண்ணைப் போட்டாள்.

மூன்றாம் வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து நின்றது. பக்கத்தில் இருந்த பெண் எழுந்தாள். பிறகு அங்கொருத்தி இங்கொருத்தியாக, கடைசியில் கதிரைகள் எல்லாம் சத்தம் போட, முழு மண்டபமும் எழுந்து தலை குனிந்தது. முன்வரிசையில் தலைவி மட்டும் எழும்பாமல் இருந்தார்.

இப்போது அரசன் உள்ளே வர வேண்டும். நான் வந்தேன்.

“நீயா இதைச் செய்தாய்?”

“நான்தான் செய்தேன்.”

“என் கட்டளை உனக்குத் தெரியாதா?”

“தெரியும். ஊருக்கே தெரியும்.”

என் தொண்டையிலிருந்து கோபம் வந்தது. அது நடிப்பில்லை. அவளுடைய முகத்தில் மணல் ஒட்டியிருந்தது. அந்த மணல் என் முகத்தில் இருந்திருக்க வேண்டும். அந்த வேடமும், அந்த வசனமும், அந்தப் பெயரும், எழுந்து நின்ற அந்த மண்டபமும் என்னுடையவை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள் என்ற ஆத்திரத்தில் அவளுக்கு மரண தண்டனை விதித்தேன். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள்.

நாடகம் முடிந்ததும் மகள் மேடைக்குப் பின்னால் வந்தாள். என்னைக் கடந்து போய் மட்டக்களப்புக்காரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் போகும்போது என் முன்னால் நின்றாள். நான் மீசையோடு நின்றேன்.

“அன்ரி, நல்லா நடிச்சீங்கள்” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்குக் குத்தலாகக் கதைக்கிற அளவுக்குத் தமிழ் தெரியாது.

அடுத்த கூட்டத்தில் மட்டக்களப்புக்காரியைக் குழுவிலிருந்து நீக்குவது பற்றிப் பேச்சு. அதற்கு முன்னர் விழா அறிக்கையைச் செயலாளர் வாசிப்பது வழக்கம். நான் வீட்டிலேயே எழுதி வைத்திருந்தேன். “அகவணக்கத்தில் எட்டுப் பெயர்கள் செயலாளரால் வாசிக்கப்பட்டன.” எட்டையும் வரிசையாக வாசித்தேன். என் சிநேகிதியின் பெயரை ஆறு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய் விட்டுச் சொன்னேன், ஏழு பேர் இருந்த அறையில்.

“எட்டோ? ஏழெல்லோ வாசிச்சனீங்கள்?” என்றார் தலைவி.

“எட்டுத்தான். நான் வாசிச்சனான்” என்றேன். “அகவணக்கத்திலையே வாசிச்ச பேர். அதை நாடகத்தில ஒருக்காச் சொன்னதுக்கு அவவைக் குற்றம் சொல்லேலாது. குற்றம் எண்டா அது என்னிலைதான்.”

அவளைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன் என்று எனக்கே சொல்லியிருந்தேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. மிச்சம், அந்தப் புத்தகத்தில் அவள் செய்தது என் பெயரில் இருக்க வேண்டும் என்ற ஆசைதான். தலைவி தடுமாறினார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

“இல்ல கா” என்றாள் மட்டக்களப்புக்காரி. என்னைப் பார்த்துத்தான், கோபமே இல்லாமல் சொன்னாள். “நீங்க வாசிக்கல்ல. நான்தான் சொன்னன். அதுல உங்களுக்குப் பங்கு இல்ல.”

காது சுட்டது. மூலத்தில், ஓடி வந்து பங்கு கேட்கிற சகோதரியிடம் தங்கை சொல்வது இதைத்தான். அந்தக் காட்சியை நான் யாருக்கும் காட்டியதில்லை. பிரதியில் அது இல்லவே இல்லை. நாடகத்தில் எனக்கென்றே ஒரு வேடம் இருந்திருக்கிறது. தங்கையுமில்லை, அரசனுமில்லை. அதைத்தான் நேரம் போதாது என்று வெட்டி எறிந்திருக்கிறேன்.

ஐந்து கைகள் உயர்ந்து அவளை நீக்கின. எதிராக ஒரு கை உயர்ந்தது. அது என்னுடையது, யாருக்கும் முந்தியுமில்லை பிந்தியுமில்லை. அவள் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு, கையுறையைத் தேடி எடுத்து, “வாறன் அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் ‘எட்டு’ என்பதை ஒரு கோடு போட்டு வெட்டி, ‘ஏழு’ என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன். எட்டாவது பெயர் நாடகத்தின்போது தங்கையாக நடித்தவரால் சொல்லப்பட்டது, சபை எழுந்து நின்றது. பிறகு என் சிநேகிதியின் முழுப் பெயரையும், அதைச் சொன்னவளின் முழுப் பெயரையும் எழுதினேன். அந்தப் பக்கத்தில் கையெழுத்து வைக்கத் தலைவி மறுத்துவிட்டார். இன்றைக்கும் அது கையெழுத்தில்லாமல்தான் இருக்கிறது.

இரண்டாவது பெயரை எழுதும்போது கை ஒருக்கால் நின்றது. உள்ளே அதே பொறாமை, குறையாமல் இருந்தது. அதோடுதான் எழுதினேன். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன்.